12 லட்சம் வரை வரியே இல்லை, அப்புறம் எதற்கு ரிட்டர்ன்?

1 ஜூன் 2025. ஒரு வாசகரின் கேள்வி

நேற்றோடு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். வயது 60. மாதம் 52,000 சொச்சம் ஓய்வூதியம் வரும். கிடைத்த பணத்தை எஃப்டியில் போட்டால் வட்டி வரும். என்ன கூட்டினாலும் 12 லட்சத்தைத் தொடாது. 12 லட்சம் வரை வரியில்லை என்று பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஆக, இனி ரிட்டர்ன் போட வேண்டாம், வருமான வரியை மறந்துவிடலாம். சரிதானே சார்?

2 ஜூன் 2025

சரியில்லை.

முதலில் ஆண்டுக் குழப்பம். 12 லட்சம் என்பது 2025-26 நிதியாண்டுக்கு. இப்போது நீங்கள் போட வேண்டிய ரிட்டர்ன் 2024-25க்கு. அந்த ஆண்டு முழுக்க நீங்கள் சம்பளத்தில் இருந்தீர்கள். அதற்குப் புதிய முறையில் (வரி விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு; கழிவுகள் அதிகம் உள்ளது பழைய முறை) 7 லட்சம் வரைதான் தள்ளுபடி. போன வருஷச் சாப்பாட்டுக்கு இந்த வருஷக் கூப்பனை நீட்டுகிறீர்கள்.

அடுத்தது, வரி இல்லை என்பதும் ரிட்டர்ன் இல்லை என்பதும் ஒன்றல்ல. 2025-26ல் புதிய முறையில் வரிவிலக்கு வரம்பு 4 லட்சம். கழிவுகளுக்கு முந்திய மொத்த வருமானம் அதைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். 12 லட்சம் வரை வரி பூஜ்யமாவது 87ஏ பிரிவின் தள்ளுபடியால். வரியைக் கணக்குப் போட்டு, அதிகபட்சம் 60,000 ரூபாய் வரை அப்படியே கழித்துவிடுகிறார்கள். கணக்குக் காட்டினால்தானே கழிக்க முடியும்?

கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. இந்த வருஷம் செப்டம்பர் 15 வரை நீட்டியிருக்கிறார்கள்.

2 ஜூன் 2025, இரவு

காலையில் கொஞ்சம் கடுகடுப்பாக எழுதிவிட்டேன். காரணம் உண்டு. ஓய்வுபெற்ற புதிதில் நானும் 'மறந்துவிடலாம்' கட்சிதான்.

இத்தனைக்கும் அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்த்தவனே நான்தான். பிப்ரவரி பிறந்தால் என் மேசைமேல் ஐடி படிவங்கள் குவியும். எல்ஐசி ரசீது, பிள்ளைகளின் பள்ளிக்கட்டண ரசீது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வாடகை ரசீது. மூன்று பேர் கொடுக்கும் வாடகை ரசீதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருக்கும். நான் எதுவும் கேட்டதில்லை. கணக்குப் போட்டு, பிப்ரவரிச் சம்பளத்தில் பிடித்து, ஜூனில் படிவம் 16 (பிடித்த வரிக்கான சான்று) கொடுத்தால் தீர்ந்தது. பெரும்பாலானோருக்கு வரி என்பது என் மேசையைத் தாண்டி ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு அந்த மேசை கிடையாது. கருவூலம் ஓய்வூதியத்தை மட்டும் பார்க்கிறது, வங்கி தன்னிடம் உள்ள எஃப்டியை மட்டும் பார்க்கிறது, அஞ்சலகம் தன் கணக்கை மட்டும். நான் ஒருவன்தான் இந்த மனுஷனுக்குப் பணம் தருகிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. அந்த குமாஸ்தா இனி நீங்கள்தான்.

5 ஜூன் 2025

என் முதல் சறுக்கல்.

பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் என் பிறந்த தேதியை ஜூன் 1 என்று எழுதிவைத்தார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் 1தான். உண்மையான தேதி அம்மாவுக்கே 'ஐப்பசி அடைமழை' என்றுதான் தெரியும். ஆக, 1960 ஜூன் 1 கணக்குப்படி 2018 மே 31ல் ஓய்வு. அப்போது தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58. (2020ல் 59, 2021ல் 60 ஆக்கினார்கள்.)

ஓய்வூதியர் ஆகிவிட்டோம், இனி மூத்த குடிமகன்தான் என்ற நினைப்பில் வங்கிக்குப் போய் 15எச் படிவத்தை நீட்டினேன். வட்டியில் டிடிஎஸ், அதாவது வங்கியே முன்னதாகப் பிடிக்கும் வரி, பிடிக்காதீர்கள் என்று சொல்லும் படிவம் அது. கவுன்ட்டரில் இருந்த பெண் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு இன்னும் வயசாகலை" என்றார். அந்த வங்கியில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

வருமான வரிச் சட்டத்துக்கு நீங்கள் ஓய்வு பெற்றீர்களா என்பது பொருட்டே இல்லை. 60 ஆகிவிட்டதா என்பதுதான் கேள்வி. 58ல் ஓய்வு பெற்றவன் இரண்டு வருஷம் அந்தரத்தில் தொங்குகிறான். 15எச் கிடையாது. 60க்குக் கீழே உள்ளவர்களுக்கான 15ஜி உண்டு, ஆனால் வரிவிலக்கு வரம்பை மீறி வட்டி வந்தால் அதுவும் செல்லாது, மொத்தத்தில் வரி வந்தாலும் செல்லாது. முக்கியமாக, முன்கூட்டிய வரியை ஆண்டு முடியுமுன் தவணைகளில் கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்குத்தான் அதிலிருந்து விலக்கு. 58 வயதுக்காரனுக்கு இல்லை.

2018-19ல் எனக்கு 20 விழுக்காடு அடுக்கு, வங்கி பிடித்ததோ 10. பாக்கி 18,000. ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது 234பி, 234சி என்று இரண்டு வட்டி சேர்ந்து 1,600 சொச்சம் கூடுதலாக வந்து நின்றது. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவன், தனக்கு டிசம்பரில் கட்டத் தெரியாமல் அபராத வட்டி கட்டினேன். வீட்டில் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன், அதுவும் ஊருக்கே.

6 ஜூன் 2025

நேற்று எழுதியதில் விட்டது: நிதியாண்டுக்குள் எந்த நாளில் 60 நிறைந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகன்தான். மார்ச் 31ல் நிறைந்தாலும் சரி. ஏப்ரல் 1ல் பிறந்தவர்கள் முந்தின நாளே 60ஐ எட்டிவிடுகிறார்கள் என்று 2016ல் சுற்றறிக்கையே வந்தது. தேதி எழுதிய தலைமையாசிரியர்களை நம்பி ஒரு சுற்றறிக்கை.

11 ஜூன் 2025

கைக்கு மொத்தமாக வரும் பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அரசு ஊழியருக்குப் பணிக்கொடை, கமுட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முன்னதாக மொத்தமாக வாங்கும் பணம்), ஓய்வின்போது தரும் ஈட்டிய விடுப்புப் பணம், மூன்றுக்கும் வரி கிடையாது. தனியார் துறையில் உச்சவரம்பு உண்டு: பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம். விடுப்புப் பணத்துக்கு 2023 வரைக்கும் 3 லட்சம்தான் இருந்தது. கமுட்டேஷனில், பணிக்கொடையும் வாங்கியிருந்தால் மொத்த ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்த பணத்துக்கு விலக்கு, வாங்காவிட்டால் பாதிக்கு.

கமுட்டேஷன் போக மீதியாக மாதாமாதம் வருவதற்குத்தான் வரி. பென்ஷன் சிலிப்பில் மேலே இருக்கும் முழுத் தொகையைக் காட்டி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். 15 வருஷம் கழித்துப் பிடித்த பங்கு திரும்பச் சேரும், அப்போது வரிக்கும் சேரும். எனக்கு 2033ல். இருந்தால் கட்டுவோம்.

19 ஜூன் 2025

ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்கிறார்: பிஎஃப் பணத்தை எடுக்காமல் அப்படியே விட்டால் வட்டிக்கு வரி இல்லைதானே?

வேலையில் இருந்த காலம்வரை சேர்ந்ததற்கு இல்லை. வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு உண்டு. பலர் அதைக் காட்டுவதே இல்லை.

24 ஜூன் 2025

ஒரு பாவமன்னிப்பு.

கூட வேலை பார்த்த நண்பர் 2021ல் கொரோனாவில் போய்விட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். "அண்ணே, நீங்களே போட்டுக் கொடுத்திருங்க" என்று தாள்களைக் கொண்டுவந்தார். நானும் பழக்கதோஷத்தில் அதைச் சம்பளத் தலைப்பில் போட்டு, சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் ரசீது கேட்காமல் தரும் நிலையான கழிவு 50,000ஐக் கழித்து, பெருமையாகக் கொடுத்தேன்.

தப்பு. ஓய்வூதியம் என்பது உழைத்தவருக்குத் தருவது, அதனால் சம்பளம். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் இல்லை, அதனால் அது 'இதர வருமானம்'. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, எது குறைவோ அதைத்தான் கழிக்கலாம். (புதிய முறையில் 2024-25 முதல் 25,000.) மறு ஆண்டு படிவத்தை நிரப்பும்போதுதான் உறைத்தது. போய்ச் சொன்னேன், வித்தியாசத்தைக் கட்ட வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

25 ஜூன் 2025

மேலே உள்ளதிலிருந்து ஒரு கணக்கு. ஊரெல்லாம் '12.75 லட்சம் வரை வரியில்லை' என்கிறார்கள். அது புதிய முறையில் 75,000 நிலையான கழிவு கிடைக்கும் ஓய்வூதியருக்கு. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 12.25. எஃப்டி வட்டியை மட்டும் நம்பி வாழ்பவருக்கு வெறும் 12. பிஎஃப் ஓய்வூதியம் மாதம் 2,900 வாங்குபவருக்குக் கழிவும் அந்த 34,800 வரைதான், வாங்காத ஓய்வூதியத்தைக் கழிக்க முடியாது.

12ஐக் கொஞ்சம் தாண்டினால் பயப்பட வேண்டாம். கழிவு போக 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500 வரும், ஆனால் தாண்டிய 10,000க்கு மேல் வாங்க மாட்டார்கள். அதோடு அந்த வரியின்மேல் 4 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரி.

பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டு, பங்கு விற்ற லாபம் இந்தத் தள்ளுபடிக்குள் வராது, அது தனி ராஜ்யம். பங்குகளின் நீண்டகால லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 விழுக்காடு.

3 ஜூலை 2025

மனைவி பெயரில் எஃப்டி போட்டால் வரியைப் பிரிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. எல்லோரும் செய்வதுதான். நானும் 5 லட்சம் போட்டேன்.

கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி, கணவன் வருமானத்தோடுதான் சேரும். இதை வீட்டில் விளக்கினேன்.

"என் பேர்ல இருக்கிற பணத்துக்கு நீங்க ஏன் வரி கட்டணும்?"

"நான் கொடுத்த பணமாச்சே."

"கொடுத்தது கொடுத்ததுதானே? திரும்பக் கேட்பீங்களா?"

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, வீட்டில் இல்லை. அந்த வட்டியைத் திரும்பப் போட்டு அதிலிருந்து வரும் வட்டி மட்டும் அவருடையது என்று சொன்னேன், கொஞ்சம் சமாதானம். மகன் அம்மாவுக்குப் பணம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, வட்டி முழுக்க அம்மாவின் வருமானம்தான். மகனிடம் இதைச் சொன்னதும் போனில் சிக்னல் போய்விட்டது.

14 ஜூலை 2025

முதிர்வில் மொத்தமாக வாங்கும் எஃப்டி பற்றி. 2020ல் ஐந்து வருஷத்துக்குப் போட்டேன். கையில் காசு வரும்போது வரி கட்டினால் போதும் என்று சும்மா இருந்தேன். வங்கியோ வருஷாவருஷம் சேர்ந்த வட்டியைக் கணக்கில் எழுதி, டிடிஎஸ் பிடித்து, என் பான் எண்ணில் ஏற்றிக்கொண்டே இருந்தது. 2022ல் துறையிலிருந்து மின்னஞ்சல்: நீங்கள் காட்டிய வட்டியும் எங்களிடம் உள்ள வட்டியும் ஒத்துப்போகவில்லை. திருத்திய ரிட்டர்ன் போட்டேன்.

ஆகவே வருஷாவருஷம் காட்டித்தான் ஆக வேண்டும்.

15 ஜூலை 2025

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். ஓர் ஆடிட்டர் நண்பர் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார். கைக்கு வந்தபோது காட்டும் ரொக்க முறையும் சட்டத்தில் உண்டு, ஆனால் எல்லா ஆண்டும் அதே முறையில் நிற்க வேண்டும் என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் வருஷாவருஷம்தான் காட்டுவேன். ஐந்து வருஷ வட்டி ஒரே ஆண்டில் வந்து விழுந்தால் அடுக்கு ஏறிவிடும், நடுவில் பிடித்த டிடிஎஸ்ஸைச் சுமந்துகொண்டே போக வேண்டும். ஏஐஎஸ்ஸில் (நம் வருமானம் பற்றித் துறை வைத்திருக்கும் ஆண்டுப் பட்டியல்) ஒன்று, ரிட்டர்னில் ஒன்று என்று இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஏஐஎஸ் பார்க்காதவர்கள் பாருங்கள். வருமான வரித் தளத்தில் உள்ளே போனால் வட்டி, டிவிடெண்டு, பங்கு விற்றது எல்லாம் ஒரே பட்டியலாகக் கிடைக்கும். சேமிப்புக் கணக்கில் விழுந்த 412 ரூபாய் வட்டிகூட இருந்தது. நான் மறந்தே போன கணக்கு அது.

2 ஆகஸ்ட் 2025

புதிய முறையா, பழைய முறையா என்று நண்பர்கள் யார் கேட்டாலும் "கண்ணை மூடிக்கொண்டு புதிய முறை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று கண்ணைத் திறந்து என் 2024-25 கணக்கைப் போட்டேன்.

ஓய்வூதியம் 5,04,000. வட்டி 3,06,000. மொத்தம் 8,10,000.

புதிய முறை: 75,000 போக 7,35,000. வரியும் செஸ்ஸும் 24,440.

பழைய முறை: நிலையான கழிவு 50,000, மூத்த குடிமக்களின் வட்டிக்கு 80டிடிபியில் 50,000, சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கு 80சியில் 1,50,000, இருவரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 38,000. மிச்சம் 5,22,000. 60 தாண்டியவருக்கு முதல் 3 லட்சம் விலக்கு. வரியும் செஸ்ஸும் 14,976.

கிட்டத்தட்ட 9,500 ரூபாய் வித்தியாசம். இதே எண்களை 2025-26ல் போட்டால் புதிய முறையில் வரி பூஜ்யம். அதாவது என் அறிவுரை அடுத்த வருஷத்துக்குச் சரி, இந்த வருஷத்துக்குத் தப்பு. இன்னொன்று: பழைய முறை வேண்டுமானால் கடைசி நாளுக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதித்தால் புதிய முறைதான்.

வேடிக்கை என்னவென்றால், கருவூலம் என் ஓய்வூதியத்தை மட்டும் பார்த்து ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை. வங்கியும் அஞ்சலகமும் 30,600 பிடித்திருந்தன. ரிட்டர்ன் போடாமல் மறந்திருந்தால் 15,620 ரூபாய் போயே போயிருக்கும்.

9 ஆகஸ்ட் 2025

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "அப்படியானால் இந்த ஆண்டு வங்கியில் 15எச் கொடுக்கலாமா? 4 லட்சத்துக்கு மேல் வருமானம் இருக்கிறதே?"

கொடுக்கலாம். தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் 15எச் செல்லும். ஆனால் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக. ஏப்ரலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு வருஷம் நான் ஜூலையில் போனேன், முதல் காலாண்டில் பிடித்தது பிடித்ததுதான் என்றார்கள். இந்த ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் மூத்த குடிமகனின் வட்டி ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் டிடிஎஸ். முன்பு 50,000. அதனால் பலருக்கு 15எச் தேவையே இருக்காது. டிடிஎஸ் இல்லை என்பதற்காக வரி இல்லை என்று திரும்ப ஆரம்பிக்காதீர்கள்.

23 ஆகஸ்ட் 2025

புதிய வருமான வரிச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 21ஆம் தேதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 1961 சட்டம் போகிறது. 536 பிரிவுகளாம். 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற சொல்லே இருக்காது, 'வரி ஆண்டு' மட்டும். பாதிப் பேரைக் குழப்பிய சொல் அது, போகட்டும். ஆனால் 80சி, 87ஏ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேனே, அந்த எண்களெல்லாம் மாறிவிடும். கல்யாண வீடுகளில் எனக்கிருந்த ஒரே மரியாதை அதுதான்.

8 செப்டம்பர் 2025

மாமனார் கணக்கு. ரயில்வே ஓய்வூதியர், வயது 86. மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80ல் 20 விழுக்காடு, 85ல் 30 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம். அதற்கும் வரி உண்டு என்றதும், "இத்தனை வருஷம் உசிரோட இருந்ததுக்கு அபராதமா மாப்பிள்ளை?" என்றார்.

75 தாண்டியவர்கள் ரிட்டர்ன் போட வேண்டாமே என்று கேட்காதீர்கள். ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வர வேண்டும், வேறு வருமானம் கூடாது, வங்கியில் உறுதிமொழி கொடுக்க வேண்டும், வங்கியே வரியைப் பிடித்துக் கட்டும். அப்போதுதான் விலக்கு. இவருக்கு அஞ்சலகத்தில் ஒரு கணக்கு, இன்னொரு வங்கியில் எஃப்டி. தகுதி இல்லை.

ஓய்வூதியம் 3,90,000, வட்டி 1,60,000. நிலையான கழிவு, 80டிடிபி என்று இரண்டு 50,000 போக 4,50,000. 80 தாண்டியவருக்குப் பழைய முறையில் 5 லட்சம் வரை விலக்கு. வரி இல்லை. பிடித்த 16,000 முழுக்கத் திரும்ப வரும்.

ரீஃபண்டு என்றதும் ஞாபகம்: வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். என் வங்கி இன்னொன்றோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி எண் மாறிய வருஷம், என் ரீஃபண்டு நாலு மாதம் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. 'ரீஃபண்டு தயார், இந்த லிங்க்கைத் தொடுங்கள்' என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். அது உங்கள் ரீஃபண்டு அல்ல, அவனுடைய வருமானம்.

16 செப்டம்பர் 2025

நேற்று தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. நள்ளிரவு நெருங்கும்போது ஒரு நாள் நீட்டித்தார்கள். இன்று மதியம் மாமனார் ரிட்டர்னை ஏற்றினேன். சரிபார்க்க ஆதார் ஓடிபி வேண்டும். வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஆதாரில் உள்ள எண் பத்து வருஷத்துக்கு முன் பேரனுக்குக் கொடுத்த சிம். பேரன் வேறு ஊரில், மீட்டிங்கில். சரிபார்க்க 30 நாள் இருக்கிறது என்று மாமனாரிடம் சொன்னேன். "எனக்கு 86, முப்பது நாள் கணக்கெல்லாம் சொல்லாதே" என்றார். ஐந்து மணிக்குப் பேரன் ஆறு எண்களை வாசித்தான். முடிந்தது.

26 செப்டம்பர் 2025

மாமனாருக்கு 16,480 வந்துவிட்டது. பாஸ்புக்கைப் பதிந்து எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

"நீ 16,000ன்னுதானே சொன்னே? இந்த 480 ஏது?"

ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு அரை விழுக்காடு வட்டி என்றேன்.

"இதுக்கும் வரி உண்டா?"

16,000க்கு இல்லை, 480க்கு உண்டு, அடுத்த வருஷக் கணக்கில் காட்ட வேண்டும் என்றேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பாஸ்புக்கின் பின்னட்டையில் '480, மாப்பிள்ளையைக் கேட்கவும்' என்று எழுதிக்கொண்டார்.